கட்டி போனபின் வந்த பசி: ஹைபோதலாமஸ் உடல்பருமனில் மிகையுணவும் குளுக்கோஸும் – ஒரு நிகழ்வு ஆய்வு

"வெறும் வயிற்றுச் சர்க்கரை 92. நார்மல். சாப்பாட்டைக் கட்டுப்படுத்தவும்." பதினொரு வயதை நெருங்கும் ஒரு சிறுமியை ஹார்மோன் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பிய சீட்டில் இவ்வளவுதான் எழுதியிருந்தது. எண் சரி, அறிவுரையும் தவறில்லை. ஆனால் அந்த 92-ஐ அங்கேயே நிறுத்திவைக்க அவளுடைய கணையம் பட்ட பாடு சீட்டில் இல்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தச் சிறுமி ஒரு குறிப்பிட்ட ஆள் இல்லை. மூளைக் கட்டி அறுவைக்குப் பிறகு பருத்துப்போகும் குழந்தைகளிடம் வழக்கமாகக் காணப்படுவதை ஒன்றாகக் கோத்து, பாடத்துக்காக அமைத்த நிகழ்வு இது. அவளுடைய எடையும் ரத்த அளவுகளும் அப்படி அமைத்தவை. மற்றவர்களின் ஆய்வுகளைப் பற்றிச் சொல்லும் இடங்களில் வரும் ஆண்டுகளும் எண்களும் பதிவில் உள்ளவை.

முன்கதை

ஒன்பதரை வயதில் தலைவலியும் காலை வாந்தியும் தொடங்கின. பலகையின் ஓரத்தில் எழுதுவது தெரியவில்லை என்று பள்ளியில் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு ஆண்டுகளாக உயரமும் சரியாக ஏறவில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்தபோது, மூளையின் அடியில் இருக்கும் ஹார்மோன் சுரப்பியான பிட்யூட்டரிக்கு மேலே 3.8 செ.மீ. அளவில் ஒரு கட்டி, பாதி நீர்ப்பை, பாதி திடம். சி.டி.யில் சுண்ணாம்புப் படிவும் தெரிந்தது. கிரேனியோஃபாரிஞ்சியோமா. ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஓரிருவருக்கு வருகிற கட்டி இது. 5 முதல் 14 வயதுக்குள் ஒரு முறையும் ஐம்பதைத் தாண்டியபின் இன்னொரு முறையும் அதிகம் தலைகாட்டும். புற்றுநோய் இல்லை. ஆனால் மூளையின் நடுவிலுள்ள திரவ அறையான மூன்றாம் வென்ட்ரிக்கிளின் தரையோடு, அதாவது பசியை ஆளும் ஹைபோதலாமஸோடு, ஒட்டி வளர்வதுதான் இதன் கொடுமை.

கட்டி முழுதாக எடுக்கப்பட்டது. பார்வை தப்பியது. ஆனால் அறுவைக்குப் பிந்தைய படத்தில் ஹைபோதலாமஸின் அடிப்பகுதி இருக்கவேண்டிய இடத்தில் மூளைத் தண்டுவடத் திரவம் மட்டுமே இருந்தது. இத்தகைய சேதத்தை அளவிட ஒரு தரவரிசை உண்டு: ஹைபோதலாமஸ் தொடப்படாமல் இருந்தால் 0, நசுங்கியோ தள்ளப்பட்டோ இருந்தால் 1, அடையாளமே தெரியாத அளவுக்குப் போயிருந்தால் 2. இவள் 2. எடை எப்படிப் போகும் என்பதை இந்த ஓர் எண் பெருமளவு சொல்லிவிடுகிறது. முழுதாக எடுப்பதைவிட ஹைபோதலாமஸை விட்டுவைத்து, எஞ்சியதற்குக் கதிர்வீச்சு கொடுப்பதே நல்லது என்று இப்போது பல மையங்கள் நினைப்பதற்குக் காரணமும் இதுதான்.

பிட்யூட்டரி ஹார்மோன்கள் ஒன்றும் மிஞ்சவில்லை. காலை மாலை ஹைட்ரோகார்ட்டிசோன், தினமும் தைராக்ஸின், சிறுநீர்ப் போக்கை அடக்க டெஸ்மோபிரெசின். வளர்ச்சி ஹார்மோன் இன்னும் தொடங்கவில்லை.

அறுவைக்கு முன் எடை 31 கிலோ, உயரம் 131 செ.மீ. பதினான்கு மாதம் கழித்து எங்களிடம் வந்தபோது 58 கிலோ, 137 செ.மீ. பிஎம்ஐ 18-இலிருந்து 31-க்குப் போயிருந்தது. ஏறியதில் பெரும்பகுதி முதல் ஆறு மாதத்தில் ஏறியது. இந்த நோய்க்கு அதுதான் வழக்கம்.

இதில் கவனிக்கவேண்டிய ஒரு விநோதம் உண்டு. வளர்ச்சி ஹார்மோன் துளியும் இல்லாத குழந்தை பதினான்கு மாதத்தில் 6 செ.மீ. வளர்ந்திருக்கிறாள். கிரேனியோஃபாரிஞ்சியோமா குழந்தைகளில் சிலர் இப்படி வளர்வது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த செய்தி. ரத்தத்தில் அளவுக்கு மீறி ஓடும் இன்சுலினே வளர்ச்சிக்குத் தூண்டுகோலாகிறது என்பது பலரும் ஏற்கும் விளக்கம். சோதனைக் குழாயில் ரத்தம் எடுப்பதற்கு முன்பே உயர அட்டவணை இன்சுலினைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

சாப்பாடு

"சாப்பிட்டு எழுந்து கால் மணி நேரம் ஆகியிருக்காது டாக்டர், மறுபடியும் பசிக்குதுன்னு வந்து நிப்பா. ராத்திரி ரெண்டு மணிக்கு ஃபிரிட்ஜ் கதவு திறக்கிற சத்தம் கேக்கும்," என்றார் அம்மா. பள்ளிப் பையின் அடியில் காலிப் பொட்டலங்கள் கிடைக்கின்றன. கேட்டால் அழுகிறாள். அப்பா, "கொஞ்சம் மனசு வெச்சா முடியாதா?" என்று அவளைப் பார்த்தே கேட்டார். சிறுமி பதில் சொல்லவில்லை. அறைக்குள் வந்ததிலிருந்து அவள் கண் அம்மாவின் கைப்பையிலேயே இருந்தது.

உணவுக் குறிப்பேட்டில் வீட்டார் எழுதிய கணக்கு நாளுக்கு 1,500 கலோரியைத் தாண்டவில்லை. பொய் எழுதவில்லை. அவர்கள் கையால் கொடுத்ததை மட்டும் எழுதியிருந்தார்கள். குடிப்பது அதில் வரவில்லை. பிற்பகலில் டெஸ்மோபிரெசினின் வேகம் குறையும். தாகம் நாக்கை வறட்டும். அவள் பழச்சாறு குடிப்பாள். ஒரு நாளுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர். நூறு மில்லிலிட்டர் பழச்சாற்றில் சுமார் 10 கிராம் சர்க்கரை என்று வைத்தாலும், நாளுக்கு நூறு கிராம் சர்க்கரை திரவமாகவே உள்ளே போகிறது. பிட்யூட்டரி நோயாளிகளில் மிகையுணவை விசாரிக்கும்போது தாகத்தையும் விசாரிக்காவிட்டால் கணக்கு எப்போதும் உதைக்கும்.

இங்கே நேர்மையாக இன்னொன்றும் சொல்லவேண்டும். ஹைபோதலாமஸ் சேதமடைந்த எல்லாக் குழந்தைகளும் இப்படிச் சாப்பிடுவதில்லை. சிலர் மற்ற பருமனான குழந்தைகளைவிட அதிகம் உண்பதே இல்லை. உடல் அசைவு குறைகிறது, பகலில் தூங்கி வழிகிறார்கள், பரிவு நரம்பு மண்டலத்தின் முடுக்கம் தணிந்து உடல் எரிக்கும் ஆற்றலும் சுருங்குகிறது. அதிலேயே எடை ஏறிவிடும். இவளிடம் மூன்றும் இருந்தன. பள்ளிவிட்டு வந்ததும் இரண்டு மணி நேரம் தூங்குவாள்.

பரிசோதனை

கழுத்தின் பின்புறமும் அக்குளும் கறுத்துத் தடித்திருந்தன. இன்சுலின் மிகுதியின் தோல் அடையாளம் அது. அழுக்கு என்று நினைத்து அம்மா தேய்த்துத் தேய்த்துப் பார்த்திருக்கிறார். ரத்த அழுத்தம் 118/74. கல்லீரல் விளிம்பு கைக்குத் தட்டுப்பட்டது. கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதியான ஏஎல்டி 68, அல்ட்ராசவுண்டில் கொழுப்புக் கல்லீரல்.

ஹைட்ரோகார்ட்டிசோன் நாளுக்கு 20 மி.கி. போய்க்கொண்டிருந்தது. அவளுடைய உடற்பரப்பு ஏறத்தாழ 1.5 சதுர மீட்டர். ஆக, சதுர மீட்டருக்கு 13 மி.கி.க்கு மேல். உடல் சுரக்காததை ஈடுகட்டப் பொதுவாகத் தேவை 8 முதல் 10. எடை ஏற ஏற மாத்திரையும் ஏறியிருக்கிறது. மாத்திரை ஏற ஏறப் பசியும் சர்க்கரையும் ஏறும். யார்மீதும் குற்றம் சொல்வதற்கில்லை. உடற்பரப்பைக் கணக்கிட்டுத்தான் கொடுத்திருக்கிறார்கள், அந்தப் பரப்பு கொழுப்பால் வீங்கியிருந்தது, அவ்வளவுதான்.

பிறகு குளுக்கோஸ் தாங்குதிறன் சோதனை. சர்க்கரையோடு இன்சுலினையும் ஒவ்வொரு குழாயிலும் அளக்கச் சொன்னோம். இதுதான் இந்த நிகழ்வின் முக்கியமான காலைப்பொழுது.

வெறும் வயிற்றில் சர்க்கரை 92 மி.கி., இன்சுலின் 31 மைக்ரோயூனிட். குளுக்கோஸ் கரைசல் குடித்து 30 நிமிடத்தில் சர்க்கரை 158, இன்சுலின் 286. ஒரு மணி நேரத்தில் 171, 340. இரண்டு மணி நேரத்தில் 149, 265. மூன்று மணி நேரத்தில் 71, 98. கடந்த சில மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 5.8 சதவீதம்.

இரண்டு மணி நேர எண் 140-ஐத் தாண்டினால் குளுக்கோஸ் தாங்குதிறன் குறைவு என்பது வரையறை. ஆக 149 அந்த வேலியைத் தாண்டியிருக்கிறது. வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் இன்சுலினையும் பெருக்கி 405-ஆல் வகுத்தால் கிடைப்பது ஹோமா எண்; இன்சுலினுக்கு உடல் செவிசாய்க்க மறுப்பதை, அதாவது இன்சுலின் எதிர்ப்பை, அது காட்டும். இவளுக்கு 7. பருவமடையாத ஒரு குழந்தைக்கு இது மிக அதிகம். எனக்கு இவற்றைவிடப் பெரிதாகத் தெரிந்தவை இரண்டு. முதலாவது, அரை மணி நேரத்திலேயே இன்சுலின் 286-க்குப் பாய்ந்தது. அந்த அரை மணியில் சர்க்கரை ஏறியது 66 மி.கி., இன்சுலின் ஏறியது 255. அவ்வளவு சர்க்கரைக்கு இவ்வளவு இன்சுலின் தேவையே இல்லை. இரண்டாவது, கடைசிக் குழாய். 171-இலிருந்து 71-க்கு இறங்கியபோது அவள் நெற்றி வியர்த்திருந்தது, கொட்டாவி விட்டாள், "இப்பவாவது சாப்பிடலாமா?" என்று கேட்டாள். 71 மருத்துவக் கணக்கில் தாழ்சர்க்கரை ஆகாது. ஆனால் இரண்டு மணி நேரத்தில் நூறு புள்ளி சரிவது உடம்புக்குத் தெரியும். கால் மணிக்கொரு முறை வரும் பசியின் ஒரு பங்கு இந்தச் சரிவிலிருந்தும் வருகிறது.

இன்சுலின் ஏன் முந்திக்கொள்கிறது

1940-இல் ஹெதரிங்டனும் ரான்சனும் எலிகளின் ஹைபோதலாமஸில் சிறு புண்களை உண்டாக்கி, அவை மலைபோலப் பருப்பதைக் காட்டினார்கள். அதற்கு முன்பே, 1901-இல் ஃபிரோலிக் விவரித்த பருமனான சிறுவனின் பிட்யூட்டரிக் கட்டியைப் பார்த்து எல்லாரும் பிட்யூட்டரியையே குற்றம் சாட்டிக்கொண்டிருக்க, 1904-இல் எர்ட்ஹைம் அதற்கு மேலேயிருக்கும் மூளைப் பகுதியைச் சுட்டியிருந்தார். எலிச் சோதனைகள் அவர் பக்கம் சாய்ந்தன. பிறகு நெடுங்காலம் விளக்கம் எளிதாகவே இருந்தது: புண்பட்ட எலி அதிகம் தின்கிறது, அதனால் பருக்கிறது.

இந்த எளிமையைக் குலைத்தது சம அளவுத் தீனிச் சோதனை. புண்பட்ட எலிக்கும் நலமான எலிக்கும் ஒரே அளவு தீனி வைத்தார்கள். அப்போதும் புண்பட்டது அதிகக் கொழுப்பைச் சேர்த்தது, அதன் இன்சுலினும் உயர்ந்தது. 1974-இல் பவ்லியும் ஓப்சாலும் அப்படிப் பருத்த எலிகளில், மூளையிலிருந்து வயிற்று உறுப்புகளுக்குப் போகும் வேகஸ் நரம்பை உதரவிதானத்துக்குக் கீழே வெட்டினார்கள், பருமன் வடிந்தது. ஹைபோதலாமஸ் கணையத்துக்கு எழுதும் கட்டளை பெருமளவு வேகஸ் வழியாகப் போகிறது என்பதற்கு இது வலுவான சான்று.

கம்பி இப்படி இணைந்திருக்கிறது. முகுளத்திலிருந்து கிளம்பும் வேகஸ் இழைகள், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லில் அசிட்டைல்கோலினை விடுகின்றன. இன்சுலின் சுரப்பு கூடுகிறது. பரிவு நரம்பு இழைகள் ஆல்ஃபா-2 ஏற்பிகள் வழியாக அதை அடக்குகின்றன. ஹைபோதலாமஸ் இரண்டுக்கும் நடுவர். நடுவர் போய்விட்டால் முதலாவது ஓங்கி, இரண்டாவது சோர்கிறது. உணவைப் பார்த்த மாத்திரத்தில், நாக்கில் பட்ட மாத்திரத்தில் சுரக்கும் இன்சுலின் இந்த நரம்புவழிச் சுரப்புதான். அரை மணியில் வந்த 286-க்குப் பின்னால் இருப்பது இதுவே. எல்லா நோயாளிகளிடமும் இது ஒரே வீச்சில் இருப்பதில்லை. சாதாரணப் பருமனில் காணும் அளவைத் தாண்டாதவர்களும் உண்டு.

பசி தனி வழியில் கெடுகிறது. கொழுப்புத் திசு விடும் லெப்டின், "கையிருப்பு போதும்" என்று ஹைபோதலாமஸின் ஆர்க்குவேட் கருவுக்குச் சொல்லவேண்டும். அங்கே பிஓஎம்சி நரம்பணுக்கள் அதைக் கேட்டு, எம்சி4ஆர் ஏற்பி வழியாகப் பசியை அடக்கும். ஏஜிஆர்பி நரம்பணுக்கள் அதற்கு எதிர். 1959-இல் ஹெர்வி செய்த சோதனை ஒன்று இன்றும் திகைக்கவைக்கும். இரண்டு எலிகளைத் தைத்து ரத்த ஓட்டத்தை இணைத்து, ஒன்றின் ஹைபோதலாமஸை மட்டும் சேதப்படுத்தினார். அது தின்று பருத்தது. இணை எலி சாப்பாட்டை ஒதுக்கி மெலிந்துபோனது. பருத்த எலியின் ரத்தத்தில் "போதும்" என்ற சேதி நிறைய இருந்தது. அதற்குத்தான் கேட்கும் செவி இல்லை. அந்தச் சேதியின் மரபணு 1994-இல் கண்டறியப்பட்டது; லெப்டின் என்று பெயர் கிடைக்க அதற்குப் பின்னும் சற்றுக் காலமாயிற்று. இந்தச் சிறுமியின் லெப்டினை நாங்கள் அளக்கவில்லை. உயர்ந்தே இருக்கும், தெரிந்தும் செய்வதற்கு ஒன்றுமில்லை.

"மனசு வெச்சா முடியாதா" என்று கேட்ட அப்பாவுக்கு எம்.ஆர்.ஐ. படத்தைக் காட்டி, மனம் வைப்பதற்கு இருந்த இடம் இதுதான் என்று சொன்னோம். அதன்பின் அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

கட்டுக்குள் வந்த எட்டு மாதம்

செய்தவை பெரிய விஷயங்கள் இல்லை. பழச்சாறு நின்றது, தண்ணீர் மட்டும். டெஸ்மோபிரெசினின் மதிய வேளையைக் கொஞ்சம் முன்னே நகர்த்தினோம். பிற்பகல் தாகம் தணிந்தது. ஹைட்ரோகார்ட்டிசோனைப் படிப்படியாக 12.5 மி.கி.க்குக் குறைத்தோம். காய்ச்சல், வாந்தி வந்தால் கூட்டிக் கொடுக்கும் முறையை வீட்டாருக்கு மறுபடி எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் குறைத்தோம்; அதைச் செய்யாமல் குறைப்பது உயிரோடு விளையாடுவது. சாப்பாட்டு நேரங்கள் சுவரில் ஒட்டப்பட்டன. சமையலறைக்குப் பூட்டு வந்தது. பூட்டைப் பற்றி வீட்டில் பெரிய வாக்குவாதம். ஆனால் அதை முதலில் வரவேற்றவள் சிறுமிதான்: பூட்டியிருந்தால் அதைப் பற்றி நினைக்கவேண்டியதில்லை என்றாள். இன்சுலின் எதிர்ப்பைத் தணிக்கும் மெட்ஃபார்மின் சிறிய அளவில் தொடங்கியது.

எட்டாவது மாதத்தில் எடை 61. மாதத்துக்கு இரண்டு கிலோ ஏறிக்கொண்டிருந்தவள் எட்டு மாதத்தில் மூன்று கிலோ. வெறும் வயிற்றுச் சர்க்கரை 90, இன்சுலின் 21, இரண்டு மணி நேரத்தில் 131, ஏஎல்டி 44, எச்பிஏ1சி 5.6. இன்சுலின் இன்னும் அதிகம்தான், ஹோமா 4.7. நரம்புவழிச் சுரப்பை நாங்கள் தொடவே இல்லையே. குறைந்தது அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்த பாரம்.

ஆறு வார விடுமுறை

பள்ளி விடுமுறைக்குத் தாத்தா பாட்டி வீட்டுக்குப் போனாள். மாத்திரைகள் ஒன்றுவிடாமல் நேரத்துக்குப் போயின. பாட்டி அதில் கறார். சாப்பாட்டில்தான் கை இளகிவிட்டது. "பாவம், பச்சப் பிள்ள. பசிக்குதுன்னு கேக்கும்போது இல்லேன்னு சொல்ல எனக்கு வாய் வரல," என்றார் பாட்டி பிறகு. அங்கே பூட்டும் இல்லை, நேரக் கணக்கும் இல்லை.

திரும்பி வந்தபோது எடை 64.6. வெறும் வயிற்றுச் சர்க்கரை 101, இன்சுலின் 44, ஹோமா 11-க்குச் சற்றுக் கீழே. இரண்டு மணி நேரச் சர்க்கரை 178. ஏஎல்டி 89. எச்பிஏ1சி 5.9.

மூளைச் சேதம் அதே சேதம். மருந்துகள் அதே மருந்துகள். மாறியது உணவின் அளவு மட்டுமே. கூடிய எடை உடல் எடையில் ஆறு சதவீதம். இன்சுலினோ இரண்டு மடங்குக்கும் மேல். எடையோடு இன்சுலின் எதிர்ப்பு மெல்ல வளரும் என்ற வழக்கமான கணக்கு இங்கே பொருந்தாது. மிகையுணவு தன்னளவில், எடை கூடிவருவதற்கு முன்பே, வேலையைக் காட்டத் தொடங்குகிறது.

இதற்கு நலமானவர்களிடமே சான்று உண்டு. 2015-இல் போடனும் குழுவினரும் ஆறு ஆரோக்கியமான ஆண்களுக்கு ஒரு வாரம் நாளுக்குச் சுமார் 6,000 கலோரி கொடுத்து, அசையாமல் இருக்கவைத்தார்கள். சராசரியாக 3.5 கிலோ ஏறியது. ஆனால் இன்சுலின் எதிர்ப்பு இரண்டு மூன்று நாளிலேயே வந்துவிட்டது. அப்போது ரத்தத்தில் கொழுப்பு அமிலமும் கூடவில்லை, அழற்சிப் புரதங்களும் கூடவில்லை. கொழுப்புத் திசுவில் ஆக்சிஜனேற்றச் சிதைவு தெரிந்தது. குளுக்கோஸைச் செல்லுக்குள் விடும் கதவான குளூட்4 புரதமே அதில் அடிபட்டிருந்தது. அதற்கு நெடுங்காலம் முன்பே வெர்மாண்ட் சிறையில் தாமாக முன்வந்த கைதிகளை எடை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடும்வரை உண்ணவைத்த சிம்ஸின் குழுவும், இன்சுலின் ஏறுவதையும் குளுக்கோஸ் தாங்குதிறன் குறைவதையும், எடை வடிந்ததும் இரண்டும் மீள்வதையும் பதிவுசெய்திருந்தது.

சாதாரண மனிதனுக்கு ஒரு தற்காப்பு உண்டு. நாலு நாள் அதிகம் சாப்பிட்டால் ஐந்தாம் நாள் பசி மந்தமாகும். லெப்டினும் இன்சுலினும் ஹைபோதலாமஸுக்குப் போய்ச் சொல்லும், கை தானாகத் தட்டிலிருந்து விலகும். இவளுக்கு அந்தத் தற்காப்பு இல்லை. ஆகவே போடனின் சோதனை ஏழாம் நாள் முடிந்தது. இவளுடையது முடியவே முடியாது.

கல்லீரலில் நடப்பது

178-க்கு வழி பெரும்பாலும் கல்லீரல் வழியாகவே போகிறது என்பது என் கணிப்பு. அதனால் இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

கணையத்திலிருந்து வெளிவரும் இன்சுலின் உடம்பெங்கும் போவதற்கு முன் முதலில் கல்லீரலுக்குத்தான் போகிறது. குடலிலிருந்து வரும் குளுக்கோஸும் அப்படியே. மிகையுணவு இரண்டையும் ஒரே நேரத்தில் அங்கே கொட்டுகிறது. சர்க்கரையைச் சேமிக்கும் கிளைக்கோஜன் கிடங்கு ஒரு அளவுக்குமேல் கொள்ளாது. மிஞ்சிய கார்போஹைட்ரேட்டை இன்சுலினின் கட்டளைப்படி கல்லீரல் கொழுப்பாக மாற்றுகிறது. அந்த மாற்றத்தின் நடுவே உருவாகும் மலோனைல்-கோஏ, கொழுப்பை எரிக்கும் வழியையும் அடைத்துவிடுகிறது. ஆக உற்பத்தி கூடுகிறது, செலவு நிற்கிறது. சேரும் கொழுப்பின் இடைப்பொருளான டைஅசைல்கிளிசரால், இன்சுலின் ஏற்பியிலிருந்து செல்லுக்குள் போகும் சைகையைத் தடுக்கிறது.

அப்போது கல்லீரல் இன்சுலினின் பேச்சில் பாதியைக் கேட்பதை நிறுத்திவிடுகிறது. "குளுக்கோஸ் தயாரிப்பதை நிறுத்து" என்பது காதில் விழாது. "கொழுப்பு தயார்செய்" என்பது விழுந்துகொண்டே இருக்கும். வெறும் வயிற்றுச் சர்க்கரை மெல்ல ஏறும், கொழுப்பும் ஏறும், கணையம் இன்னும் அதிக இன்சுலினை அனுப்பும், அது இன்னும் கொழுப்பைக் கூட்டும். 90 என்பது 101 ஆனதும் ஏஎல்டி இரட்டிப்பானதும் ஒரே கதையின் இரண்டு வரிகள்.

சாதாரணப் பருமனில் இந்தச் சுழலுக்குள் நுழைய ஆண்டுக்கணக்கில் மிகையுணவு வேண்டும். எதிர்ப்பு முதலில், இன்சுலின் உயர்வு பிறகு. ஹைபோதலாமஸ் சேதத்தில் இன்சுலின் முதலிலேயே உயர்ந்து காத்திருக்கிறது. உணவு வந்து சேர வேண்டியதுதான் பாக்கி. மிகையுணவு இங்கே நோயின் வேர் இல்லை. ஆனால் சர்க்கரை எப்போது கைமீறும் என்ற தேதியைக் குறிப்பது அதுவே. வேரைத் தொட முடியாத நிலையில், அந்தத் தேதியைத் தள்ளிப்போடுவது சின்ன வேலை இல்லை.

பீட்டா செல் இதைத் தாங்கும்வரை வெறும் வயிற்றுச் சர்க்கரை 92 என்றே காட்டும். அதனால்தான் இவர்களிடம் சர்க்கரையை மட்டும் அளந்துவிட்டு "நார்மல்" என்று எழுதுவதை நான் ஏற்பதில்லை. கூடவே இன்னொரு பொறியும் இருக்கிறது. நாளை இவளுக்கு உண்மையிலேயே நீரிழிவு வந்து சிறுநீர் கூடினால், டெஸ்மோபிரெசின் போதவில்லை என்று நினைத்து அதைக் கூட்டிவிடும் வாய்ப்பு அதிகம். ஒரு துளி ரத்தத்தில் சர்க்கரை பார்த்துவிட்டுத்தான் அந்த மருந்தின் அளவைத் தொடவேண்டும்.

பிரேடர்-வில்லி நோய்க்குறியில் இதற்கு நேர்மாறான படம் கிடைக்கிறது. தந்தைவழி வந்த 15-ஆம் குரோமோசோமின் ஒரு பகுதி செயல்படாததால் வரும் நோய் அது. பசி இவளைவிடக் கொடியது. வயிறு வெடிக்கும்வரை உண்டு இறந்தவர்கள் உண்டு. ஆனால் அவர்களுடைய இன்சுலின், அதே பருமன் உள்ள மற்றவர்களைவிடக் குறைவு. இன்சுலினுக்கு உடல் ஓரளவு நன்றாகவே செவிசாய்க்கும். பசி ஒன்றே, கணையம் வேறு. மூளைசார் பருமன் என்று எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டால் இந்த வித்தியாசம் நழுவிவிடும்.

எலிகளுக்குக் கொழுப்பு மிகுந்த தீனி கொடுத்தால் ஓரிரு நாளிலேயே ஹைபோதலாமஸில் அழற்சி தொடங்குவதை 2012-இல் தேலரின் குழு காட்டியது. பருமனான மனிதர்களின் எம்.ஆர்.ஐ.யிலும் அங்கே தழும்பு போன்ற மாற்றம் தெரிந்தது. கட்டியே இல்லாதவர்களின் பருமனிலும் மூளைக்கு ஒரு பங்கு இருக்கலாம் என்று இது எண்ணவைக்கிறது. இவளுக்கு எஞ்சியிருக்கும் கொஞ்சம் ஹைபோதலாமஸை மிகையுணவு மேலும் கெடுக்குமா என்பது நல்ல கேள்வி.

மருந்து

கணையத்தின் மிகைச் சுரப்பை நேரடியாக அடக்குவது முதல் எண்ணம். இன்சுலின் சுரப்பைத் தடுக்கும் ஆக்ட்ரியோடைடைக் கொண்டு 2003-இல் லஸ்டிக்கின் குழு குழந்தைகளிடம் செய்த சோதனையில் எடை ஏற்றம் தணிந்தது. ஆனால் ஊசி, பித்தப்பைக் கல், சர்க்கரை ஏறும் சாத்தியம் ஆகியவை சேர்ந்து அதை நடைமுறையில் பின்தள்ளின. டயசாக்சைடும் அப்படியே: பீட்டா செல்லின் பொட்டாசியக் கதவைத் திறந்துவைத்து இன்சுலினைக் குறைக்கும், கூடவே சர்க்கரையை ஏற்றும். ஏற்கெனவே 178-இல் நிற்பவளுக்கு அது வேண்டாம் என்று முடிவெடுத்தோம்.

குடல் ஹார்மோன் ஒன்றைப் போலச் செயல்பட்டுப் பசியைத் தணிக்கும் ஜிஎல்பி-1 வகை மருந்துக்கு ஒரு நியாயம் இருக்கிறது. அதன் ஏற்பிகள் ஹைபோதலாமஸில் மட்டுமல்ல, அறுவை தொடாத பின்மூளையிலும் உள்ளன. அந்த வகையைச் சேர்ந்த எக்சனடைடு வைத்துச் செய்த 36 வாரச் சோதனையில் பிஎம்ஐயில் தெளிவான வித்தியாசம் வரவில்லை, கொழுப்பு சேர்வது மட்டும் குறைந்தது. அதற்குமேல் நாங்களும் எதிர்பார்க்கவில்லை. 12 வயதானதும் அதே வகையைச் சேர்ந்த லிராகுளூடைடு தொடங்கினோம். அதற்கு முன்பே பூட்டும் நேர அட்டவணையும் திரும்பி வந்துவிட்டன, இம்முறை தாத்தா பாட்டி வீட்டிலும் சேர்த்து. ஆறு மாதத்தில் எடை 66-இல் நின்றது. இரண்டு மணி நேரச் சர்க்கரை 134, வெறும் வயிற்று இன்சுலின் 23, ஏஎல்டி 46.

அறுந்துபோன இடத்துக்கு அப்பால் உள்ள எம்சி4ஆர் ஏற்பியை நேராகத் தூண்டும் செட்மெலனோடைடு வேறு வகை. ஹைபோதலாமஸ் பருமனுக்கான அதன் மூன்றாம் கட்டச் சோதனையின் முடிவு 2025-இல் வந்தது: ஓராண்டில் போலி மருந்துக் குழுவோடு ஒப்பிட்டால் பிஎம்ஐயில் ஏறத்தாழ 20 சதவீத வித்தியாசம். இந்த நோயில் இவ்வளவு பெரிய எண்ணை வேறெந்த மருந்திலும் நான் பார்த்ததில்லை. தோல் கறுப்பதும் குமட்டலும் பக்கவிளைவுகள்.

அடுத்த முடிவு வளர்ச்சி ஹார்மோனைப் பற்றியது. அது கொழுப்பைக் குறைத்துத் தசையைக் கூட்டும்; இன்சுலினுக்கு எதிராகவும் வேலைசெய்யும். 178-இல் இருந்தபோது ஒத்திவைத்தோம். 134-க்கு வந்தபின் மிகக் குறைந்த அளவில் தொடங்கியிருக்கிறோம். மூன்று மாதம் கழித்து மறுபடியும் அதே ஐந்து குழாய்கள், ஒவ்வொன்றிலும் சர்க்கரையும் இன்சுலினும். அந்தத் தேதி பள்ளி விடுமுறைக்குப் பிந்தைய வாரத்தில் குறிக்கப்பட்டிருக்கிறது.